வெட்டச் சொன்ன நாத்தனார்

பஸ் டிப்போவில் அவளுக்குப் பேர் டைமக்கா. டைம் கீப்பர் வேலை பார்க்கிற அக்கா என்பது வாயில் தேய்ந்து தேய்ந்து அப்படி ஆகிவிட்டது. பஸ்கள் வெளியே போகிற வாசலை ஒட்டி, மூன்று பக்கமும் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை அவளுடையது. ஒவ்வொரு வண்டியும் கிளம்பும்போது டிரைவர் ஜன்னல் வழியாக டிரிப் ஷீட்டை நீட்டவேண்டும். அவள் சுவர்க் கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்து, நேரம் போட்டு, கையெழுத்து வைப்பாள்.

"ரெண்டு நிமிஷம்தானேக்கா, முன்னாடி போட்டுக் குடுங்களேன்" என்று தாமதமாக வந்த டிரைவர்கள் எவ்வளவோ குழைந்து பார்த்திருக்கிறார்கள்.

"ரெண்டு நிமிஷத்த நான் எங்கேருந்து கொண்டு வர்றது? வீட்ல செஞ்சு டப்பாவுல எடுத்துட்டு வரவா?" என்பாள். அதோடு பேச்சு முடிந்தது. இருபத்திரண்டு வருஷ வேலையில் ஒரு நிமிஷம் கூட்டியோ குறைத்தோ எழுதினாள் என்று அவளுக்கு ஆகாதவர்கள்கூடச் சொன்னது கிடையாது.

கறார் பேர்வழிதான். ஆனால் சிடுமூஞ்சி என்று சொல்லிவிட முடியாது. யார் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், யாருக்கு மாமனாரோடு மனஸ்தாபம் என்பதெல்லாம் அந்த ஜன்னலில்தான் முதலில் வந்து இறங்கும். கேட்டுக்கொண்டே நேரத்தையும் எழுதிக்கொண்டிருப்பாள்.

அவளுக்கு முப்பத்தாறு வயதானபோது கல்லீரல் கெட்டுப்போனது. வாழ்க்கையில் ஒரு சொட்டு மதுவைத் தொடாதவள். எப்போதோ உடம்புக்குள் வந்த ஒரு வைரஸ் சத்தமில்லாமல் குடியிருந்து, ஈரலைச் சுருக்கி, கண்ணெல்லாம் மஞ்சளாகி வயிறு வீங்கியபிறகுதான் தன்னைக் காட்டிக்கொண்டது. "நாங்க குடிச்சதெல்லாம் உங்க கணக்குல போயிடுச்சேக்கா" என்று ஒரு டிரைவர் சொன்னார். சொல்லிவிட்டு அந்த மனுஷன் அங்கேயே அழுதார்.

வேறு ஒருவர் ஈரலில் பாதியைக் கொடுத்தால்தான் பிழைப்பாள் என்றார்கள். அவள் வீட்டுக்காரர் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி ஒரு அமைதி. அவர்தான் முதலில் சட்டையைக் கழற்றிக்கொண்டு நின்றார். ரத்தப் பிரிவு ஒத்துவரவில்லை. அவருடைய தங்கைக்கு ஒத்துவந்தது. அதாவது டைமக்காவின் நாத்தனாருக்கு.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அப்போது அண்ணிக்கும் நாத்தனாருக்கும் எட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு உறவுக்காரர் வீட்டில் நாலு பேர் நடுவே, நாத்தனார் புதிதாகத் தலைக்குப் போட்டிருந்த சாயத்தைப் பார்த்து அண்ணி ஏதோ சொல்லிவிட்டாள். அவ்வளவுதான் காரணம். குடும்பங்களில் இதைவிடச் சின்னக் காரணத்துக்கு வருஷக்கணக்கில் முகம் திருப்பிக்கொள்கிறவர்கள் உண்டு.

ஆக, ஈரல் கொடுக்கிற பேச்சே தூது மூலமாகத்தான் நடந்தது. ஒரே அறையில் மூன்று பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"அண்ணா, எனக்கு ரத்தம் ஒத்துப்போகுதாம். அண்ணிகிட்ட சொல்லிடு" என்றாள் நாத்தனார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"என்னங்க, சின்ன வயசு, அவளுக்கு எதுக்கு இந்த வேலைன்னு சொல்லுங்க" என்றாள் டைமக்கா, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"அவங்களுக்காக ஒண்ணும் இல்லன்னு சொல்லுண்ணா. அவங்க போயிட்டா நீ சமைச்சு நீயே சாப்பிட்டுச் செத்துடுவ. அதுக்காகத்தான்."

லென்ஸ் தேய்ப்பவர் இரண்டு பேருக்கும் நடுவில் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பியே கழுத்து சுளுக்கிக்கொண்டார்.

ஆபரேஷன் நடந்தது. நாத்தனாருக்கு இருபத்தொன்பது வயது. அவளுடைய ஈரலில் பாதிக்கு மேல் எடுத்து அண்ணிக்கு வைத்தார்கள். கொடுத்தவளுக்கு மிச்சம் இருந்தது மூன்று மாதத்தில் வளர்ந்துவிடும் என்றார்கள், வளர்ந்தும்விட்டது. வாங்கியவளுக்கு ஆயுள் முழுக்க மாத்திரை. காலை எட்டுக்கு ஒன்று, மாலை எட்டுக்கு ஒன்று, தவறக்கூடாது. உடம்பு அந்த ஈரலை அந்நியன் என்று நினைத்துத் தாக்காமல் இருக்க, எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கிற மாத்திரை. நேரம் தவறாமல் இருக்கச் சொல்லி டைமக்காவுக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியிருக்கவில்லை.

நாத்தனார் கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். பத்திர ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். ஆபரேஷனோடு அண்ணி மேலிருந்த பழைய கோபமும் போய், தினமும் மத்தியானம் கடையில் கூட்டம் குறைகிற நேரத்தில் போன் பண்ணுவாள்.

"அண்ணி, என் ஈரல் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. சாப்டுட்டு படுத்திருக்கு."

"கண்டதையும் போட்டுக் கெடுத்துடாதீங்க."

"ஆமா, உன் ஈரலுக்கு நான் சமையல்காரி."

பதினோரு வருஷம் இந்தப் பேச்சு இப்படியே ஓடியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஈரல் மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை. அவர் காகிதத்தைப் பார்த்து, "அருமை. ஈரல் பிரமாதமா இருக்கு" என்பார். டைமக்கா பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி வீட்டுக்கு வருவாள்.

ஈரல் பிரமாதமாகத்தான் இருந்தது. பழுது பக்கத்து வீட்டில் ஆரம்பித்தது. சாப்பிட்டால் வயிறு எரிந்தது, சாப்பிடாவிட்டாலும் எரிந்தது. இத்தனை மாத்திரை தின்கிறோமே, எரியாமல் என்ன செய்யும் என்று அவளே முடிவுகட்டிக்கொண்டாள். மருந்துக் கடையில் வெள்ளை மருந்து ஒரு பாட்டில் வாங்கி, டிரிப் ஷீட் வைக்கிற இழுப்பறையில் போட்டு, எரியும்போது ஒரு மூடி குடித்துக்கொண்டாள். அந்த மாதிரி எத்தனை பாட்டில் என்று அவளுக்கே தெரியாது. ஈரல் மருத்துவரிடம் சொல்லவில்லை, ஏனென்றால் அவர் ஈரலைத்தான் கேட்டார். நாத்தனாரிடம் சொல்லவில்லை, ஏனென்றால் அவளும் ஈரலைத்தான் கேட்டாள். தவிர, சொன்னால், என்னத்தைத் தின்றீங்க, எப்போ தின்றீங்க என்று விசாரணைக் கமிஷன் வைப்பாள். உடம்பு இளைத்தது. டிப்போவில் எல்லாரும், "என்னக்கா, வயசு குறைஞ்சுகிட்டே போகுது" என்றார்கள். அவளுக்கும் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

எரிச்சல் தொடங்கி ஒன்றரை வருஷம் ஆகியிருந்த ஒரு நாள் காலை, முப்பத்தேழாம் நம்பர் பஸ்ஸுக்குக் கையெழுத்து வைக்கும்போது பேனா கையிலிருந்து நழுவியது. அவளும் நாற்காலியிலிருந்து நழுவினாள். பரிசோதித்ததில் ரத்தம் இருக்கவேண்டியதில் பாதிதான் இருந்தது. எங்கே போகிறது என்று தேட, தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையின் கீழ்ப்பாகத்தில் ஒரு புண். அதிலிருந்து கிள்ளி எடுத்துச் சோதித்ததில், புற்று.

சர்ஜன் ஒரு பெண். குள்ளமானவர், எதைச் சொன்னாலும் பால்பாயிண்ட் பேனாவால் படம் போட்டுக்கொண்டே சொல்பவர். அவர் முன்னால் டைமக்காவும் வீட்டுக்காரரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இரைப்பையில முக்கால்வாசி எடுக்கணும். மத்தவங்களுக்குன்னா நாள் குறிச்சுடுவேன்" என்றார் சர்ஜன். "உங்களுக்கு அப்படிப் பண்ண முடியாது. ஏற்கனவே திறந்த வயிறு, உள்ள எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடக்கும். அதைக்கூடச் சமாளிச்சுடலாம். இந்த ஈரலுக்கு ரத்தம் எந்த வழியா போகுதுன்னு ஸ்கேன்ல பாத்தா, எனக்கு ஒரு சந்தேகம் வருது. பதினோரு வருஷம் முன்னாடி அவங்க உள்ள எதை எதோட சேத்துத் தெச்சாங்கன்னு எழுதி வெச்சிருப்பாங்க. அந்த ஆபரேஷன் குறிப்பு எனக்கு வேணும்."

அந்தக் குறிப்பு டைமக்காவிடம் இல்லை. துணி துவைக்கிற இயந்திரத்தின் குழாய் ஒருமுறை பிய்த்துக்கொண்டு வீடெல்லாம் தண்ணீர் ஆனபோது பழைய ஃபைல் கூழாகிவிட்டது. பழைய மருத்துவமனையில் கேட்டால், பத்து வருஷத்துக்கு மேற்பட்ட காகிதங்களை அழித்துவிடுவது விதி என்றார்கள். அங்கே ஆபரேஷன் செய்தவர் உயிரோடு இல்லை.

"பாப்பாகிட்ட இருக்கும்" என்றார் வீட்டுக்காரர். தங்கைக்கு நாற்பது வயதாகியும் அவருக்கு அவள் பாப்பாதான்.

இருக்கும் என்று டைமக்காவுக்கும் தெரியும். எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் ஒரு காப்பி எடுக்காமல் நாத்தனாருக்குத் தூக்கம் வராது. ஆனால் அவளிடம் கேட்டால் எதற்கு என்பாள். இந்தப் புற்று விஷயத்தை அவளுக்குச் சொல்லவே கூடாது என்று டைமக்கா வீட்டுக்காரரிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். தன் உடம்பை அறுத்துக் கொடுத்தவளிடம் போய், கொடுத்ததை வைத்த வீட்டையே நான் பாழாக்கிவிட்டேன் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? அவளுக்கு வெட்கமாக இருந்தது. பயத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது.

வேறு வழி இல்லாமல் இரண்டு பேரும் கடைக்குப் போனார்கள். நாலைந்து பேர் பத்திரங்களோடு நின்றிருந்தார்கள். இயந்திரம் சூடான காகித வாசனையோடு தாள்களைத் துப்பிக்கொண்டிருந்தது.

"பழைய ஆபரேஷன் பேப்பர் உன்கிட்ட இருக்கா?" என்றாள் டைமக்கா. "சும்மா, ஒரு தடவை பாக்கலாம்னு."

நாத்தனார் திரும்பிப் பார்க்கவில்லை. கையிலிருந்த பத்திரத்தைக் கண்ணாடியில் கவிழ்த்து மூடியை அழுத்தினாள். "சும்மா பாக்குறதுக்கு அது என்ன கல்யாண ஆல்பமா? அண்ணா, நீ சொல்லு."

அண்ணன் சத்தியம் பண்ணியவர். ஆனால் அவர் முகம் எந்தச் சத்தியத்துக்கும் கட்டுப்பட்டதில்லை. அதைப் பார்த்ததும் நாத்தனார் நின்றவர்களுக்கு அவரவர் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்து, "மெஷின் மக்கர் பண்ணுது, அப்புறம் வாங்க" என்று அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினாள். டைமக்கா எல்லாவற்றையும் சொன்னாள். டிரிப் ஷீட் வாசிக்கிற மாதிரி, தேதிவாரியாகச் சொன்னாள்.

"எரிச்சல் எவ்வளவு நாளா?" என்றாள் நாத்தனார்.

"ஒண்ணரை வருஷமா."

"தினம் போன் பண்றேனே அண்ணி."

"நீ ஈரலத்தானே கேட்ட."

குத்திக்காட்டவேண்டும் என்று சொன்னதல்ல. உண்மை அதுதான் என்பதால் வாயில் வந்துவிட்டது. நாத்தனார் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கி, அதிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தாள். அறுபத்துச் சொச்சம் பக்கம், ஒன்றுகூட மடங்கவில்லை. அதை அப்படியே கொடுத்துவிடுவாள் என்று பார்த்தால், இயந்திரத்தைத் திரும்ப ஓடவிட்டு முழுசாக இன்னொரு காப்பி எடுத்தபிறகுதான் கொடுத்தாள்.

சர்ஜனைப் பார்க்க மூன்று பேருமாகப் போனார்கள். சர்ஜன் அந்தக் குறிப்பை இரண்டு தடவை படித்தார். அவர் சந்தேகப்பட்டது சரியாகப் போயிற்று.

"ஈரலுக்கு ரத்தம் போற வழக்கமான குழாய் அன்னிக்கு அவங்களுக்கு உதவலை" என்று காகிதத்தின் பின்பக்கம் படம் போட்டார். "அதனால இரைப்பையோட கீழ் ஓரமா ஓடுற ஒரு குழாயைத் திருப்பிவிட்டு ஈரலோட சேத்திருக்காங்க. நல்ல வேலை, பதினோரு வருஷம் ஓடியிருக்கு. ஆனா இப்போ புற்று இருக்கிறது அந்தக் குழாய்க்குப் பக்கத்துலயே. இரைப்பையைச் சுத்தி நெறிக்கட்டிங்க இருக்கும், புற்று முதல்ல அதுங்களுக்குத்தான் போகும். அதையெல்லாம் சேத்து எடுத்தாத்தான் சுத்தமாகும். ஏதாவது ஒரு கட்டி அந்தக் குழாயில ஒட்டியிருந்தா, நான் என்ன பண்றது? அதை இப்பவே பேசிக்கணும். உள்ள போனப்புறம் உங்களை எழுப்பிக் கேக்க முடியாது."

"என்ன பண்ணலாம் டாக்டர்?" என்றார் வீட்டுக்காரர்.

"ரெண்டுதான். கட்டியை விட்டுட்டு வந்துடலாம். ஈரல் பத்திரமா இருக்கும், புற்று திரும்ப வரும். இல்ல, குழாயையும் சேத்து வெட்டிட்டு, வேற ஒரு குழாயோட ஈரலை இணைக்கலாம். அந்தத் தையல் பிடிச்சா நல்லது. ரத்தம் கட்டி அடைச்சுட்டா ஈரல் போயிடும். புற்று இருக்கிறவங்களுக்கு இன்னொரு ஈரல் வரிசையில நின்னாலும் கிடைக்காது. அதையும் சொல்லிடறேன்."

டைமக்கா யோசிக்கவே இல்லை. "குழாயைத் தொடாதீங்க டாக்டர். கட்டி இருந்தா இருக்கட்டும். ஈரல் என்னுது இல்ல."

"என்ன பேச்சு அண்ணி இது?" என்றாள் நாத்தனார்.

"நீ குடுத்தது. நான் பத்திரமா வெச்சுக்கணும்."

நாத்தனாருக்குக் கோபம் வந்தது. அவளுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். "நீங்க இருக்கணும்னுதான் அதைக் குடுத்தேன். அது இருக்கணும்னு உங்களைக் குடுக்க முடியாது. டாக்டர், வெட்டணும்னா வெட்டுங்க. ஒரு கட்டிகூட உள்ள விடக்கூடாது."

"அடைச்சுட்டா..." என்று ஆரம்பித்தார் சர்ஜன்.

"அடைச்சா நான் பாத்துக்கிறேன்."

துணிச்சலில் சொல்கிறாள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். என்னத்தைப் பார்த்துக்கொள்வாய் என்று யாரும் கேட்கவில்லை. டைமக்கா நாத்தனாரைப் பார்த்தாள். கொடுத்தவளே சொல்கிறாள், இனி தனக்கு என்ன என்று ஒரு பாரம் இறங்கியது மாதிரி இருந்தது. வெட்டலாம் என்று சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள். தேதிக்குப் பக்கத்தில், யாரும் கேட்காமலே, மணி பதினொன்று பத்து என்றும் எழுதினாள்.

ஆபரேஷன் அன்று காலை எட்டு மணிக்கு அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு வாய் தண்ணீரில் ஈரல் மாத்திரையை விழுங்கினாள். எட்டேகாலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒட்டிக் கிடந்ததைப் பிரிக்கவே மூன்று மணி நேரம் பிடித்தது. புற்றிருந்த பாகத்தோடு இரைப்பையில் முக்கால்வாசியை எடுத்து, மிஞ்சியதைக் குடலோடு இணைத்தார்கள். சுற்றியிருந்த கட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். கடைசியில் பயந்தபடியே, வேர்க்கடலை அளவு ஒரு கட்டி அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு வருவேனா என்றது. சர்ஜன் குழாயோடு வெட்டினார். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முடியைவிட மெல்லிய நூலால் ஈரலை வேறொரு குழாயோடு தைத்தார். ரத்தம் ஓடியது. ஒன்பது மணி நேரத்துக்குப் பிறகு வெளியே வந்து விஷயத்தைச் சொன்னார்.

இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு ஸ்கேன் பார்த்தவர் கருவியை ஒரே இடத்தில் வைத்து வைத்து எடுத்தார். முந்தின நாள் தெளிவாகக் கேட்ட ரத்த ஓட்டம் இப்போது இழுத்துக்கொண்டு கேட்டது. ரத்தப் பரிசோதனையில் ஈரலின் பழுதைக் காட்டுகிற எண் ஒரே நாளில் பல மடங்கு ஏறியிருந்தது. தையலுக்குள் ரத்தம் கட்டுகிறது. டைமக்கா மயக்கமும் விழிப்புமாகக் கிடந்தாள். யார் யாரோ வேகமாக நடப்பதும், கட்டில் திரும்ப நகர்வதும், கூரையில் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் போவதும் தெரிந்தது. ஈரல் போச்சு, நாத்தனார் முகத்தில் இனி எப்படி விழிப்பது என்று நினைத்தாள். தான் செத்துப்போகக்கூடும் என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பன்னிரண்டு மணிக்கு மறுபடி திறந்தார்கள். தையலைப் பிரித்து, கட்டியிருந்த ரத்தத்தை எடுத்துவிட்டு, திரும்பத் தைத்தார்கள். இந்தத் தடவை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் எண் நின்றது. நான்காம் நாள் இறங்கியது. ஆறாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். எட்டாம் நாள் நாலு ஸ்பூன் சூப் கொடுத்தார்கள். அதைக் குடிக்க அவளுக்கு இருபது நிமிஷம் ஆனது.

அன்றைக்கு மத்தியானம் சர்ஜன் தனியாக வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதலில் பரிசோதனை முடிவைச் சொன்னார். எடுத்த இருபத்தாறு கட்டியில் இருபத்தைந்து சுத்தம். குழாயில் ஒட்டியிருந்த அந்த ஒன்றில்தான் புற்று இருந்தது.

"அதை விட்டுட்டு வந்திருந்தா, ஒரு வருஷம், ஒண்ணரை வருஷம். அவ்வளவுதான் சொல்லியிருப்பேன்" என்றார். "இப்போ எல்லாம் எடுத்தாச்சு. திரும்ப வராதுன்னு எழுதிக் குடுக்க முடியாது, மருந்தும் கொஞ்ச நாள் எடுக்கணும். ஆனா நல்ல நிலைமைல இருக்கீங்க."

எழுந்திருக்கப் போனவர் மறுபடி உட்கார்ந்தார். "இன்னொரு விஷயம். உங்க நாத்தனார் சொல்ல மாட்டாங்க, அதனால நான் சொல்றேன். ரெண்டாம் நாள் உங்களை உள்ள எடுத்துட்டுப் போறப்போ தியேட்டர் வாசல்ல என்னைப் பிடிச்சாங்க. முந்தின நாள்லேருந்து ஒண்ணும் சாப்பிடாம வந்திருக்காங்க. கையில மாத்துத் துணியோட ஒரு பை. கூட ஒரு ஃபைல். பதினோரு வருஷமா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அவங்க ஈரலை ஸ்கேன் எடுத்து வெச்சிருக்காங்க. 'முழுசா வளந்துடுச்சு டாக்டர், நீங்களே பாருங்க. எண்ணெய்ப் பதார்த்தம்கூட நான் தொடறதில்ல. அண்ணிக்குத் திரும்பத் தேவைப்பட்டா குடுக்கணும்னுதான் இப்படி வெச்சிருக்கேன். இப்பவே எடுத்துக்கங்க'ன்னாங்க."

டைமக்கா சர்ஜன் பக்கமாகத் தலையைத் திருப்பினாள். "எடுக்கலாமா டாக்டர்?"

"முடியாது. வளந்தாலும் பழைய அமைப்புல வளராது. ஒருத்தர் ஒரு தடவைதான் குடுக்கலாம். அப்படியே வேற யாராவது குடுக்க வந்தாலும், அந்த நிலைமைல உங்களுக்கு வெச்சிருக்க மாட்டோம். அதைச் சொன்னேன். அப்புறம் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. 'அப்போ நான் எதை நம்பி வெட்டச் சொன்னேன்?'னாங்க. எனக்குப் பதில் சொல்ல நேரம் இல்ல, உள்ள போயிட்டேன். மூணு மணி நேரம் கழிச்சு வெளிய வந்தா, கை கழுவுற இடத்துக்குக் கீழ தரையில உக்காந்திருந்தாங்க."

நாலு மணிக்குப் பார்வையாளர்களை விட்டார்கள். நாத்தனார் வந்தாள். வரும்போதே பேசிக்கொண்டு வந்தாள். பத்திர ஆபீஸில் புது அதிகாரி வந்திருக்கிறாராம், எல்லாத்துக்கும் மூணு காப்பி கேக்கிறாராம், டோனர் கட்டுப்படியாகலையாம். போர்வையை இழுத்துவிட்டாள், தலையணையைத் தட்டிப்போட்டாள். கண் மட்டும் அண்ணி முகத்துக்கு வரவே இல்லை.

"இங்க வந்து உக்காரு" என்றாள் டைமக்கா. "சர்ஜன் எல்லாம் சொன்னாங்க."

நாத்தனார் பேச்சை நிறுத்தினாள். உட்கார்ந்தாள். "என்னை மன்னிச்சுடுங்க அண்ணி" என்றாள். "இன்னொண்ணு கைவசம் இருக்குன்னு நெனச்சுத்தான் வாய விட்டேன். நீங்க வேணாம்னு சொன்னீங்க. நான்தான் வெட்டுங்க வெட்டுங்கன்னு நின்னேன். இல்லாத ஒண்ணை நம்பி உங்க உயிரோட விளையாடிட்டேன்."

"குழாயில ஒட்டியிருந்துச்சே, அந்தக் கட்டியிலதான் புற்று இருந்துச்சாம். மத்தது எதுலயும் இல்லையாம்."

நாத்தனாருக்கு அது உடனே விளங்கவில்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ சொல்லலைன்னா நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்" என்றாள் டைமக்கா. "அது உள்ளயே இருந்திருக்கும். உனக்கு முன்னாடியே விவரம் தெரிஞ்சிருந்தா, வெட்டுங்கன்னு சொல்லியிருப்பியா?"

பொய் சொல்ல அது நல்ல சமயம். நாத்தனார் சொல்லவில்லை. "மாட்டேன் அண்ணி. வாயே தொறந்திருக்க மாட்டேன்."

"நானும் மாட்டேன். உனக்குத் தெரியாததாலதான் நான் இருக்கேன்."

நாத்தனாருக்கு அழுகை முட்டியது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. டைமக்கா ஊசி குத்தாத கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அழு" என்றாள். "எனக்கும் அழுகைதான் வருது. தையல் இழுக்குது, முடியல. எனக்கும் சேத்து நீயே அழுதுடு."